டீச்சர் வரைந்த புயல்

அந்தப் படத்தில் கம்பம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் ராயப்பனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. மற்றதெல்லாம் தெரிந்தாகிவிட்டது. மதுரையில் சொந்த வீடு, மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு. மாப்பிள்ளை ஜெரால்டு வாசல் வரை வந்து செருப்பை எங்கே விடுவது என்று காட்டிய பையன். அவனுடைய அம்மா பிலோமினா பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். அப்பா இல்லை, பையனுக்கு இரண்டு வயதிலேயே தவறிவிட்டார் என்று தரகர் சொல்லியிருந்தார். எப்படி என்று இவர்கள் கேட்கவில்லை. செத்தவரைப் பற்றிக் கேட்டு என்ன ஆகப்போகிறது. மகள் ரெஜினாவுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து காலையில் கார் பிடித்து வந்தவர்கள் மூன்று பேர்: ராயப்பன், மனைவி செலின், செலினின் அண்ணன் கஸ்பார். இந்த மாதிரி வந்த இடத்தில் வழக்கம் ஒன்றுதான். பிடித்திருந்தால் இலையில் உட்கார்ந்து கை நனைப்பது, பிடிக்காவிட்டால் காப்பியோடு எழுந்துகொள்வது. கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. உள்ளே வஞ்சிரம் பொரிகிற வாசனை வந்துகொண்டிருந்தது. செலின் ஏற்கெனவே இரண்டு தரம் கண்ணாலேயே கேட்டுவிட்டாள். பெண்ணைப் பெற்றவர் தலையசைக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அவரோ எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் பெரியது, ஒரு பெஞ்சு நீளம் இருக்கும். ஆயில் பெயிண்டிங். தூரிகையால் வரைந்த மாதிரி இல்லை, கரண்டியால் அள்ளி அப்பிய மாதிரி சாயம் திட்டுத் திட்டாக நின்றது. முக்கால்வாசி வானம். சாம்பல், அதற்கு மேல் கறுப்பு, நடுவில் எங்கிருந்தோ ஒரு கெட்ட மஞ்சள். கீழே மணலா தண்ணீரா என்று சொல்ல முடியாத ஒரு பழுப்பு. வீடு மாதிரி இரண்டு திட்டு, படகு மாதிரி ஒன்று, ஆனால் படகு என்று அடித்துச் சொல்ல முடியாது. காற்று மட்டும் சந்தேகமில்லாமல் காற்று. எல்லாக் கோடும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது, வாடைக்காற்று வலுத்து வரும்போது சாய்கிற மாதிரியே. முப்பத்தைந்து வருஷம் காற்றைப் பார்த்துச் சம்பளம் வாங்கிய கண்ணுக்கு அது தப்பவில்லை. டீச்சருக்குக் காற்று தெரிந்திருக்கிறது. மதுரையில் உட்கார்ந்துகொண்டு இந்தக் காற்றை யாரும் வரைய முடியாது. படத்தின் இடதுபக்கம் நெட்டையாக ஏதோ நின்றது. பனை மரமாக இருக்கலாம், கம்பமாகவும் இருக்கலாம். பால்கனி வழியாக வந்த வெயில் சரியாக அந்த இடத்தில்தான் விழுந்து, எண்ணெய்ச் சாயம் பளபளத்துக் கண்ணைக் கூசவைத்தது. தலையை இந்தப் பக்கம் சாய்த்தால் பளபளப்பும் கூடவே வந்தது. எழுந்து போய்ப் பார்க்கலாம். சம்பந்தம் பேச வந்த மனிதர் சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றால் கஸ்பார் அதை ஊர் பூராவும் சொல்லிச் சிரிப்பான். பனையாக இருந்தால் இது ஏதோ ஒரு புயல். கம்பமாக இருந்தால் கீழமுனை. பனைதான், பனையாகத்தான் இருக்கும், கடற்கரை என்று வரைந்தால் யாரும் ஒரு பனையைப் போடத்தானே செய்வார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இருபத்தாறு வருஷமாக எந்தக் காலண்டரில் கடலைப் பார்த்தாலும் அவர் முதலில் கம்பத்தைத்தான் தேடுகிறார்.

"என்ன மச்சான், பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்க வந்தீரா, படம் வாங்க வந்தீரா?" என்றான் கஸ்பார். வந்ததிலிருந்து அவன் வாய் ஓயவில்லை. தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர், கார் நிறுத்த இடம் உண்டா, கோயில் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்திருந்தான். "நல்லாத்தான் இருக்கு," என்றார் ராயப்பன். எது நல்லா இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. பிலோமினா காப்பித் தட்டோடு வந்தார். ஒல்லியான பெண்மணி, நரையை மறைக்காதவர், கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி, நடுவிரல் நகக்கண்ணில் நீலச் சாயம். "எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. மயினி, நீங்களும் எடுங்க. சீனி பத்தலன்னா சொல்லுங்க," என்றார். அண்ணாச்சி, மயினி. பேச்சில் கடற்கரை இருந்தது. எந்தக் கடற்கரை? மணப்பாடாக இருக்கலாம், வேம்பாராக இருக்கலாம். கேட்டால் சொல்லிவிடுவார், ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க அவர் வாய் திறக்கவில்லை. காப்பி சூடாக இருந்தது, நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

கீழமுனை பெரிய துறைமுகம் ஒன்றும் இல்லை. ஒரு பழைய ஓட்டுக் கட்டடம், ஒரு உயரமான கம்பம், புயல் நேரத்தில் அதில் ஏற்றுகிற கூண்டு. மூங்கில் சட்டத்தில் கித்தான் போர்த்திக் கறுப்பு அடித்தது. கூண்டு ஏறியிருந்தால் யாரும் படகைத் தள்ள மாட்டார்கள், இறங்கிவிட்டால் தள்ளலாம். எழுத்துத் தெரியாதவனுக்கும் தெரிந்த சட்டம் அது. ஏற்றுவதும் இறக்குவதும் ராயப்பனுடைய வேலை. அந்த ஐப்பசியில் மூன்றாம் எண் கூண்டு மூன்று நாளாக மேலேயே கிடந்தது. நாலாம் நாள் விடிகாலையில் மழை விட்டது, காற்றும் படுத்தது. அண்ணாந்து பார்த்தால் கயிறு கப்பியில் உரசி உரசி நைந்து, நூல் நூலாகத் தொங்கியது. அறுந்தால் கூண்டு கடலோடு போய்விடும். அடுத்த காற்று வருவதற்குள் கயிற்றை மாற்ற வேண்டும். இது நல்ல வேலைக்காரன் செய்கிற காரியம். இதில் என்ன தப்பு? தப்பு எங்கே என்றால், முதலில் பக்கத்துச் சின்னக் கம்பத்தில் மாற்றுக் கூண்டை ஏற்றிவிட்டுத்தான் இதை இறக்க வேண்டும். மாற்றுக் கூண்டு கிடங்குக்குள் இருந்தது. கிடங்குச் சாவிக்காரர் இரண்டு ராத்திரி முழித்துவிட்டு அப்போதுதான் படுத்திருந்தார். பத்து நிமிஷ வேலைக்கு அந்த மனிதரை எதற்கு எழுப்ப வேண்டும். பத்து நிமிஷம். பத்து நிமிஷம் என்று நினைத்துத்தான் இறக்கினார். புதுக் கயிற்றின் முடிச்சு கப்பிக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை, விட்டால் இறங்கவில்லை. அவர் கம்பத்தில் ஏறி, ஈரத்தில் வழுக்கி, மறுபடி ஏறி, பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தார். கீழே வந்து கூண்டை ஏற்றிக் கட்டி முடித்தபோது பத்து நிமிஷம் முப்பது நிமிஷமாகியிருந்தது, நல்ல வெயில் அடித்தது. அந்த வெயிலில் முகத்துவாரத்துக்கு அப்பால் மூன்று படகு போய்க்கொண்டிருந்தது. கடலுக்குள் போகிறவன் திரும்பிக் கரையைப் பார்ப்பதில்லை.

அதுகூடப் போகட்டும். அதை அவர் எத்தனையோ தரம் தனக்கு மன்னித்துவிட்டார். மன்னிக்க முடியாதது அதற்கு அடுத்த ஒரு மணி நேரம். உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் கரையில் லாஞ்சு இருந்தது, விரட்டிப் பிடித்திருக்கலாம். சொன்னால், கூண்டு எப்படி இறங்கியது என்று கேட்பார்கள். காற்றுதான் படுத்துவிட்டதே, அவர்களும் மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார்களே, எதற்குச் சொல்ல வேண்டும்? நின்று கயிற்றின் மிச்சத்தை வளையம் வளையமாகச் சுற்றி ஆணியில் மாட்டினார். அவ்வளவு ஒழுங்காக அதற்கு முன்னும் பின்னும் அவர் கயிறு சுற்றியதில்லை. பத்து மணிக்கு வாடை திரும்பியது. ஏழு பேர். விசாரணைக்கு வந்த அதிகாரி, "கூண்டு மேலதானே இருந்தது?" என்று கேட்டார். "மேலதான் சார் இருந்துச்சு," என்றார். அதிகாரி கேட்டபோது மேலேதான் இருந்தது. கரையில் ஒரு கிழவர், இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன் என்றார். அவருக்குக் கண்ணில் புரை என்று தள்ளிவிட்டார்கள். எச்சரிக்கையை மீறிக் கடலுக்குப் போனவர்கள் என்று பேப்பரில் வந்தது. சொல் கேளாதவர்கள், பேராசைக்காரர்கள் என்று கோயில் பிரசங்கத்தில்கூடச் சாமியார் சொன்னார். ராயப்பன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டார். அடுத்த வருஷம் மாற்றல் வாங்கிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்துவிட்டார். ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கு முன்னாலும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முட்டி போட்டுப் பொய், கோபம், பூசைக்குப் போகாத ஞாயிறு என்று எல்லாவற்றையும் சொல்வார். இதை மட்டும் சொன்னதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள். மறைத்துவிட்டு அந்தச் சோற்றையே இருபத்தாறு வருஷம் தின்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

மாற்றல் வாங்கி வந்த மறுவருஷம் ரெஜினா பிறந்தாள். அதற்கு முன் ஆறு வருஷம் பிள்ளையில்லை. கடவுள் கோபமாக இருந்தால் பிள்ளை கொடுப்பாரா? கொடுத்துவிட்டார், ஆகவே கோபம் இல்லை என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். கணக்கு ரொம்ப நாள் தாங்கியது. பிறகு அவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்து இரண்டு இடம் தட்டிப் போனபோது, ஒன்று நிச்சயத்துக்கு முந்தின வாரம் தட்டிப் போனபோது, கணக்கில் ஓட்டை விழுந்தது. அவள் மாடி அறையில் போய் உட்கார்ந்துகொண்டு நாலு நாள் யாரிடமும் பேசவில்லை. இந்த இடம் வந்த பிறகுதான் சிரிப்பு திரும்பியது. ஜெரால்டுடன் போனில் பேசும்போது கிணற்றடிக்குப் போய்விடுவாள், அங்கிருந்து சிரிப்பு மட்டும் கேட்கும். இன்று காலை கார் கதவைச் சாத்தும்போது குனிந்து, "சாப்ட்டுட்டு வாங்கப்பா," என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு அர்த்தம் அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பனைதான் அது. பனையாக இருக்கட்டும் மாதாவே. தலையை ஆட்டிவிட வேண்டியதுதான், படத்துக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் கம்பமாக இருந்து, நாளைக்கு நாலு பேர் கூடின இடத்தில் எந்தத் துறைமுகம், எந்த வருஷம் என்று பேச்சு வந்தால்? வராது. ஏன் வராது? கல்யாண வீட்டில் கிழவர்கள் வேறு என்னதான் பேசுவார்கள்? இப்படியே பனைக்கும் கம்பத்துக்கும் நடுவில் நடந்து நடந்து அவருக்கு மூச்சு வாங்கியது, உட்கார்ந்த இடத்திலேயே வேர்த்தது.

"வெயில் மூஞ்சில அடிக்குதோ அண்ணாச்சிக்கு? இருங்க," என்று பிலோமினா போய்ப் பால்கனித் திரையை இழுத்துவிட்டார். பளபளப்பு அணைந்தது. அது பனை இல்லை, கம்பம். அடியில் ஓட்டுக் கட்டடத்தின் சிவப்பு ஒரு விரல் அளவுக்கு. கீழமுனையேதான். ராயப்பனுடைய கண் அதன் பாட்டுக்குக் கம்பத்தில் ஏறியது, ஈரமான கம்பத்தில் ஏறுகிற மாதிரியே, வழுக்கி வழுக்கி. உச்சியில் ஒரு கறுப்புத் திட்டு இருந்தது. கத்தி நுனியால் வைத்த சின்னத் திட்டுதான், ஆனால் வேறெதுவும் இல்லை. கூண்டு. கூண்டு ஏறியிருந்தது. டீச்சர் கூண்டை ஏற்றித்தான் வரைந்திருக்கிறார். அப்படியானால் அவருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது. படமே சாட்சி. உடம்பிலிருந்து ஏதோ இறங்கிப் போன மாதிரி லேசாகிவிட்டது. அந்த லேசு வெட்கக்கேடானது என்பது அவருக்குத் தெரிந்தது, இருந்தாலும் அதை விட மனமில்லை. செலின் பக்கம் திரும்பித் தலையசைத்தார். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று. "அப்ப இல போடச் சொல்லுங்க மயினி," என்றான் கஸ்பார் உரக்க. ஜெரால்டு உள்ளே ஓடினான். எல்லோரும் எழுந்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். பயம் தெளிந்த மனிதனுக்கு வாய் அரிக்கும். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று யாரும் கேட்காமலே சொல்கிற ஜாதி அது. கை கழுவப் போகிற வழியில் படத்துக்கு முன்னால் நின்று, "ரொம்பத் தத்ரூபமா இருக்கு டீச்சர். கூண்டுகூட மறக்காமப் போட்டிருக்கீய," என்றார்.

பிலோமினா குழம்புச் சட்டியை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினார். "அதுக்காகத்தான் அண்ணாச்சி அந்தப் படமே. வேற எதயும் சரியா வரையல, பாருங்க, எல்லாம் கலங்கலா கெடக்கும். கூண்டு மட்டும் இருக்கணும்னு போட்டேன்." சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். "சம்பந்தம் ஆகப்போற எடம், உங்கட்ட சொல்றதுக்கு என்ன. ஜெரால்டு அப்பா அந்தப் புயல்லதான் போனாரு. காலையில எந்திரிச்சு கரைக்குப் போனவரு ஓடி வந்து, 'பிலோ, கூண்ட இறக்கிட்டான், போய்ட்டு வாரேன்'ன்னு வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனாரு. நான் புள்ளைக்குப் பாலக் குடுத்துட்டு வெளிய வந்து பாக்கேன், கூண்டு ஏறிக் கெடக்கு. எங்கிட்ட கடசியாச் சொன்னது பொய். நான் போக வேண்டாம்பேன்னு பொய் சொல்லியிருக்காரு."

"ஐயோ பாவம்," என்றாள் செலின்.

"என்ன பாவம் மயினி? வீட்ல நானும் ரெண்டு வயசுப் புள்ளையும் இருக்கோம், அது தெரிஞ்சே போன மனுசன். பொய் சொல்லிட்டுச் செத்தவருக்கு எப்படி அழ? நான் அழல. இதுவர அவரு பேருல ஒரு பூச வச்சதில்ல. இவன் கேப்பான், அப்பா எப்படிப்பட்டவருன்னு. சொல் பேச்சுக் கேக்காதவருன்னு சொல்லித்தான் வளத்தேன்." சட்டென்று சிரித்தார். "நல்ல நாளும் அதுவுமா என்னத்தையோ பேசிக்கிட்டு. வாங்க, மீன் ஆறிரும்."

ராயப்பன் வாஷ்பேசின் முன்னால் நின்றார். குழாயைத் திறந்தார். பேசாமல் இருந்துவிடலாம், இதுவரை இருந்த மாதிரி. இன்னும் எத்தனை வருஷம் இருக்கப்போகிறோம், அறுபத்தேழு ஆகிறது, பத்து வருஷம், பன்னிரண்டு. அதுவரை வருஷத்துக்கு நாலு தரம் இந்த வீட்டுக்கு வர வேண்டும். ஈஸ்டருக்கு, கிறிஸ்துமஸுக்கு, ரெஜினாவின் பிள்ளைக்கு ஞானஸ்நானத்துக்கு. ஒவ்வொரு தரமும் இந்த ஹாலில் உட்கார்ந்து இந்த அம்மா கையால் சாப்பிட வேண்டும். சாப்பிடலாம், மனிதன் எதைத்தான் சாப்பிடவில்லை. ஏழு பேர் செத்தது அவர் நெஞ்சில் கல்லாகி எத்தனையோ காலம். கல்லுக்குப் பழகிவிட்டார். ஆனால் ஒருவன் விடிகாலையில் ஓடி வந்து பெண்டாட்டியிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், அவள் அதைப் பொய் என்று இருபத்தாறு வருஷமாக வைத்திருக்கிறாள், இது இதுவரை அவருக்குத் தெரியாது. இது புதிது. இதற்கு அவர் பழகியிருக்கவில்லை. சொன்னால் ரெஜினா மறுபடி மாடி அறைக்குப் போவாள், இந்தத் தரம் நாலு நாளோடு போகாது. சொன்னது அப்பா என்று தெரிந்தால் அவரிடம் பேசவே மாட்டாள். பேச வேண்டாம். இல்லை, பேச வேண்டும், அவள் சிரிக்க வேண்டும், அவளுக்காகத்தானே எல்லாம். எல்லாம் என்றால் எது? கயிறு சுற்றி ஆணியில் மாட்டியதும் அவளுக்காகவா, அவள் அப்போது பிறக்கவேயில்லையே. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "மச்சான், கைய கழுவுதீரா, குளிக்கீரா?" என்று கஸ்பார் மேஜையிலிருந்து கேட்டான். ராயப்பன் குழாயை மூடினார்.

"அவரு பொய் சொல்லலம்மா," என்றார்.

யாருக்கும் புரியவில்லை. பிலோமினா சோற்றுக் கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தார்.

"கூண்டு இறங்கினது நெசம். கயிறு மாத்தணும்னு இறக்கினேன். நான்தான் அங்க சிக்னல் பாத்தேன். முடிச்சு கப்பில சிக்கிட்டு, அர மணி நேரம் ஆயிட்டு. பெறகு ஏத்திட்டேன். கேட்டவங்ககிட்ட மேலதான் இருந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

"மச்சான், வாய மூடும்!" கஸ்பார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். செலின் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "என்ன உளறுதீங்க? ரெஜினாவ நெனச்சீங்களா?" என்றாள்.

பிலோமினா அவரைத் திட்டவில்லை. கரண்டியைச் சோற்றில் குத்தி வைத்தார். "எத்தன மணிக்கு இறக்குனீய?" என்று கேட்டார், வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற குரலில்.

"ஆறு. ஆறு அஞ்சு இருக்கும்."

"அவரு வந்தது ஆறேகால்," என்றார் பிலோமினா. சுவரைப் பார்த்தார், படத்தை அல்ல, படத்துக்குப் பக்கத்தில் வெறும் சுவரை. உதடு ஏதோ எண்ணுகிற மாதிரி அசைந்தது. பிறகு, "ஜெரால்டு," என்று கூப்பிட்டார். அவன் சமையலறை வாசலில் அப்பளத் தட்டோடு நின்றிருந்தான். "ஏ ஜெரால்டு, இங்க வா. உங்கப்பா நெசத்தத்தான்டா சொல்லியிருக்காரு. எங்கிட்ட நெசத்தச் சொல்லிட்டுத்தான்டா போயிருக்காரு."

சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அந்தச் சத்தம் வந்தது. டீச்சர் குரல் அல்ல அது. பிணம் வந்து இறங்கிய வீட்டில் முதல் நாள் பெண்கள் அழுகிற அழுகை, மாரில் அடித்துக்கொண்டு, புருஷன் பேரைச் சொல்லிச் சொல்லி. அந்த ஏழு பேரில் அவர் இன்னாசி என்பது ராயப்பனுக்கு அப்போதுதான் தெரிந்தது. மேஜையில் ஐந்து இலை போட்டிருந்தது. செலின் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். கஸ்பார் டிரைவருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான். ராயப்பனுக்குப் போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஜெரால்டு தட்டைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். அவரை அவன் பார்க்கவேயில்லை.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஒரு பெண் ஈரக்கையோடு ஓடி வந்து எட்டிப் பார்த்து, "ஐயோ, என்னாச்சு? யாருக்கு என்னாச்சு?" என்று பதறினாள்.

ஜெரால்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "எங்கப்பா தவறிட்டாங்க ஆன்ட்டி," என்றான்.